இருபத்து நான்கு ஒற்றைத் தோடுகள்

பருத்திப்பட்டு
6 ஆகஸ்ட் 2025

தோழர் மணவாளன் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு முதல் என்னை ஒன்பது முறை அழைத்தீர்கள். ஒன்பது முறையும் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் நான் கேட்க வந்த கேள்வி எனக்கே மறந்துபோகும். ஆலை வாயிலில் நீங்கள் சங்கத்துக்காகப் பேசத் தொடங்கிய காலத்திலிருந்து எனக்கு இந்த நோய் உண்டு. ஆகவே எழுதிக் கேட்கிறேன், எழுதியே பதில் தாருங்கள். தாளில் கைதட்டல் கேட்காது.

ஞாயிறன்று வேம்புலியம்மாள் உங்கள் வீட்டுக்கு வந்தாள் அல்லவா? மகள் ஜோதிகாவுக்கு ஐப்பசியில் திருமணம். பெட்டியில் கிடக்கும் தன் கம்மலைக் கேட்டிருக்கிறாள். நீங்கள் காபி கொடுத்து, "பாதுகாப்பாக இருக்கிறது, வேறு உருவில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அங்கிருந்து நேரே இரண்டு பேருந்து மாறி என்னிடம் வந்தாள். காதிலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் முடிந்திருந்த ஒற்றைக் கம்மலை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தாள். "இன்னாக்கா, வேற உருவுன்னா இன்னா? என் கம்மலு எங்க கீது?" என்றாள்.

ஆலை ஸ்டோரில் சரக்குக் கணக்குப் பார்த்தவள் ஆதலால் எதையும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கு ஓடும். இந்தத் தாளை நாளை வேறு எவரேனும் படித்தாலும் விளங்க வேண்டும். தொண்ணூற்றேழில் நம் சுவிட்சு ஆலை கதவடைத்தபோது பெண்கள் இருபத்து நான்கு பேர் ஆளுக்கு ஒரு கம்மல் கழற்றிப் போராட்டச் செலவுக்கு அடகுவைக்கப் பொதுப் பெட்டியில் போட்டோம். ஜோடியின் மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டோம். அதுதான் சீட்டு. யார் ஒற்றைக் கம்மலோடு வந்து நின்றாலும் அவளுக்குரியது பெட்டியில் இருக்க வேண்டும். கதவு திறந்து, அடகிலிருந்து எல்லாம் மீண்ட பிறகும், அடுத்த கஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டியை அப்படியே விட்டோம். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று உங்களிடம், ஒன்று என்னிடம். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அனைவர் முன்னும் திறந்து, என் தராசில் நிறுத்து, மூடுவோம். தொண்ணூற்றாறு கிராம். ஒரு முறையும் குறைந்ததில்லை.

சித்திரையில் உங்கள் துணைவியார் ராஜகுமாரி மறைந்த பதினாறாம் நாள், என் சாவியையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது ஒரே கேள்வி. பெட்டியில் என்ன இருக்கிறது?

லோகநாயகி


மண்ணூர்பேட்டை
ஆடி 27, ஆகஸ்ட் 12

சினத்தையும் நேர்மையையும் ஒரே கையெழுத்தில் எழுதவல்ல தோழர் லோகநாயகி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மடலை மும்முறை படித்தேன். மறைக்க மாட்டேன், மறைத்துப் பழகாத நாக்கு இது. பெட்டி வெறுமையாக இருக்கிறது. ஆனால் பொன் போய்விடவில்லை, தோழரே. இருட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் உறங்கிய பொன்னை நான் எழுப்பிவிட்டிருக்கிறேன்!

வைகாசியில் வேலப்பன்சாவடித் திருமண மண்டபம் ஒன்றில் ஒரு கூட்டம். அழைத்தவர் திருமுருகன், 'பொற்கதிர்' என்னும் மின்நாணயத்தின் இப்பகுதிப் பொறுப்பாளர். பொன்னைப் பின்புலமாகக் கொண்ட நாணயம் அது. அச்சடித்த தாளைப்போல் வெறும் நம்பிக்கையில் மிதப்பதன்று. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு கிராம் தூய பொன் காவல்மிக்க பெட்டகத்தில் வைக்கப்படுகிறது. எந்த நாணயம் எவருடையது என்னும் பேரேடு ஆயிரம் கணினிகளில் ஒரே வேளையில் எழுதப்படுகிறது. அமைச்சரே வந்தாலும் அதில் ஒரு புள்ளியை அழிக்க இயலாது. பொன்விலை ஏறினால் நாணயமும் ஏறும். கள்வன் வரமாட்டான், கறை படியாது, கைப்பேசியில் நொடிதோறும் நிறுத்துப் பார்க்கலாம். ஆயுத பூசைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மனிதர் பேசிய தமிழை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முக்கால் மணிநேரத்தில் ஒரு வேற்றுமொழிச் சொல் இல்லை. ஒற்று ஒன்று பிழைக்கவில்லை. ஏமாற்றுகிறவன் இப்படிப் பேசமாட்டான் என்று என் நெஞ்சு சொன்னது.

ஆனியில் தோடுகளை உருக்கினேன். தொண்ணூற்றாறு கிராம் ஆபரணப் பொன், தூய பொன்னாக எண்பத்தெட்டு கிராம் வந்தது. எண்பத்தெட்டு நாணயங்கள். அவை என் கைப்பேசியில் ஒளிர்கின்றன. நீங்கள் திறவுகோலைத் தந்ததை இசைவு என்றே கொண்டேன். வேம்புலியம்மாளுக்குரிய பங்கைப் பொன்னாகவே பெற்றுத் தருவேன்.

தோழமையுடன்,
மணவாளன்


பருத்திப்பட்டு
18 ஆகஸ்ட் 2025

தோழர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஏரிக்கரை நடைபாதையில் உட்கார்ந்து படித்தேன். உருக்கினேன் என்ற சொல்லுக்குப் பிறகு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

எண்பத்தொன்பதில் முதல் போனஸ் வந்த நாள் நினைவிருக்கிறதா? அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே இருந்த சிறிய நகைக்கடையில் நாங்கள் அத்தனை பேரும் கூட்டமாக நுழைந்தோம். எல்லாரும் ஒரே அச்சில் வாங்கினால் சேதாரம் குறைப்பேன் என்றார் கடைக்காரர். ஆறு இதழ்ப் பூ, கல் இல்லை, ஒற்றை நான்கு கிராம். மறுநாள் காலை முதல் ஷிப்டில் அசெம்பிளி வரிசை முழுதும் ஒரே பூ பூத்திருந்தது. ராஜகுமாரி அடிக்கடி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இரண்டு சுவிட்சைத் தலைகீழாகப் பூட்டி மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினாள். கதவடைப்பில் ஒன்றைக் கழற்றியபின் மறுகாதில் கவரிங் போட்டுக்கொண்டோம். வேம்புலியம்மாள் இன்றும் ஒரு காதில் பொன், ஒரு காதில் கவரிங். எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும். மகளுக்கு இரண்டும் பொன்னாகப் போட வேண்டும் என்பதே அவள் ஆசை.

அந்தப் பூக்கள்தாம் இப்போது உங்கள் கைப்பேசியில் ஒளிர்கின்றன என்கிறீர்கள். எங்கள் அடுத்த பிளாட்டில் ஸ்வாதி என்ற பெண் குடியிருக்கிறாள். கணினி நிறுவனத்தில் வேலை. உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். "ஆன்ட்டி, அந்தப் பேரேட்டை யாரும் திருத்த முடியாதுங்கிறது நிஜம்தான். ஆனா அதுல இருக்கிறது நாணயக் கணக்கு மட்டும். பெட்டகத்துல தங்கம் இருக்கா இல்லையான்னு அந்தப் பேரேட்டுக்கே தெரியாது" என்றாள்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஸ்டோரில் அட்டை ஒன்று தொங்கும், திருகாணி நூறு என்று எழுதியிருக்கும். பெட்டியைக் கவிழ்த்து எண்ணினால் எழுபது இருக்கும். அட்டையைக் கல்லில் வெட்டிவைத்தாலும் எழுபது எழுபதுதான். உங்கள் பேரேடு அழியாத அட்டை. பெட்டியைக் கவிழ்த்தவர் யார்?

இத்தகைய நாணயம் எல்லாமே மோசடி என்று அவள் சொல்லவில்லை. வெளித்தணிக்கையாளர் ஆண்டில் பலமுறை எண்ணிச் சான்று தருகிறவையும் உண்டாம். அவற்றிலும் சில கேள்விகள் கேட்டுத்தான் இறங்க வேண்டுமாம். பெட்டகம் எந்த ஊரில் இருக்கிறது, அதை எண்ணிக் கையெழுத்திட்டவர் பெயர் என்ன? நிறுவனம் நொடித்தால் பொன் நமக்கா, அவர்கள் கடன்காரருக்கா? எண்பத்தெட்டையும் ஒரே நாளில் அவர்களால் முடக்க முடியுமா? உங்கள் கைப்பேசி தொலைந்தால், அல்லது (பொறுத்துக்கொள்ளுங்கள்) நீங்களே போய்விட்டால், எந்தப் பெண் எதைக் காட்டிக் கேட்பாள்? எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு கிராமைக் கையில் தருவார்களா?

நேரில் போய்க் கேளுங்கள். சொற்பொழிவு வேண்டாம். விடையை மட்டும் எழுதுங்கள்.

லோகநாயகி


மண்ணூர்பேட்டை
ஆவணி 17, செப்டம்பர் 2

தோழர் லோகநாயகி அவர்களுக்கு,

பதினைந்து நாள் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லாததால் அன்று.

வேலப்பன்சாவடியிலுள்ள பொற்கதிர் அலுவலகத்துக்கு மும்முறை சென்றேன். முதல் முறை திருமுருகன் வெளியூரில் இருந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. வரவேற்பில் இருந்த தீபிகா என்னும் பெண் மட்டும் அமர்ந்திருந்தாள். வேம்புலியம்மாளின் பங்கைப் பொன்னாகக் கேட்டேன். கணினியைத் திருப்பி விதியைக் காட்டினாள். பொன்னைக் கையில் பெற வேண்டுமாயின் ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாதாம். அதுவும் கடல்கடந்த ஊரின் பெட்டகத்துக்கு நாமே சென்று பெற வேண்டுமாம். நம்மிடம் இருப்பது எண்பத்தெட்டு கிராம். அவ்விதி முதலிலேயே இருந்திருக்கிறது, தோழரே. ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில், ஆங்கிலத்தில். அந்த மனிதரின் தமிழைப் பருகிய நான் நிறுவனத்தின் ஆங்கிலத்தைப் படிக்கவில்லை.

சரி, விற்றுப் பணமாக்கிக் கடையில் தோடு வாங்கித் தருவோம் என்று மூன்றாம் முறை சென்றேன். பொன்விலை ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் நம் நாணயத்தின் விலை பாதிக்குக் கீழே கிடந்தது. பொன் ஏறினால் நாணயமும் ஏறும் என்பது, கேட்டவுடன் பொன் கிடைக்கும் என்று மக்கள் நம்பும்வரைதானாம். அந்த விலைக்கும் விற்க இயலவில்லை. 'பணம் எடுத்தல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று திரையில் ஒரு வரி. தணிக்கையாளர் யார் என்று கேட்டேன். தீபிகா தாழ்ந்த குரலில், "எனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரல சார், நீங்க போலீசுக்குப் போங்க" என்றாள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் வெறும் பார்வையாளன் இல்லை. பதினொரு ஆண்டுகளாக எவரும் என்னை ஒலிவாங்கியின் முன் அழைத்ததில்லை. ராஜகுமாரி போனபின் வீட்டில் நான் உரக்கப் பேசக் காரணமே இல்லாமல் போயிற்று. பத்து நிமிடம் பேசுங்கள் ஐயா என்று திருமுருகன் கைகூப்பினார். மேடையேறினேன். "பொன் எங்கே? நாணயத்தைக் காட்டுகிறாய், பொன் எங்கே?" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. அது சரியான கேள்வி. இன்று நீங்கள் கேட்கும் அதே கேள்வி. ஆனால் விடைக்காக நான் நிற்கவில்லை. "பெட்டகத்தில் இருக்கிறது, பேரேட்டில் இருக்கிறது, மக்கள் நெஞ்சில் இருக்கிறது!" என்று நானே விடையும் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் நான் சான்றிதழாகக் கொண்டேன்.

மணவாளன்


பருத்திப்பட்டு
8 செப்டம்பர் 2025

மணவாளன்,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதல் தாளில் வசவு மட்டும் இருந்தது. இரண்டாவதில் இரக்கம் மட்டும் இருந்தது. இரண்டாலும் வேம்புலியம்மாளுக்குப் பயனில்லை.

இப்படி எழுதுகிறேன். குற்றத்தில் பாதி என்னுடையது.

பெட்டிக்கு இரண்டு சாவி என்று முடிவானபோது யார் யாரிடம் என்று கேள்வி வந்தது. நண்பர் இருவரிடம் கொடுக்கலாம் என்றீர்கள். நான் எழுந்து, ஒத்துப்போகாத இருவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். சிரித்தார்கள். தகரக் கொட்டகையில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. வேம்புலியம்மாள்தான் முதலில் கை தூக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் கீரியும் பாம்புமா கீறீங்க. ஆளுக்கு ஒண்ணு வச்சிகினு மொறச்சிகினே இருங்க. எங்க கம்மலு பத்தரமா கெடக்கும்" என்றாள். தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தில் அது இருக்கிறது.

அதன்பின் உங்கள் ஒவ்வொரு சொல்லையும் நான் எதிர்த்தேன். பாதி நேரம் நீங்கள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்திருந்தது. இருந்தும் எதிர்த்தேன். அது என் வேலை. நீங்களும் என் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தீர்கள். நமக்குள் பகை இருக்கும்வரை பெட்டி பத்திரமாக இருந்தது.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டில் நீங்கள் ராஜகுமாரியின் ஷிப்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைப் பேச்சின்றி நான் பார்த்தது அதுவே முதல் தடவை. இத்தனை காலம் சண்டையிட்டது போதும் என்று தோன்றியது. சாவியை வைத்தேன். நீங்கள் எதிர்த்திருக்க வேண்டும். நீங்களும் எதிர்க்கவில்லை. நாம் சமாதானமான அந்த நிமிடத்தில் பெட்டி திறந்துவிட்டது. பிறகு வந்தவன் எவனோ, அவன் எடுத்துக்கொண்டு போனான்.

நாளையே ஆவடி காவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மேடையில் பேசியதையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுப் பணம் போட்டவர்களும் இருப்பார்கள். ஆயுத பூஜையன்று எல்லாரையும் வழக்கம்போல் கூட்டுகிறேன். நீங்களே சொல்ல வேண்டும்.

லோகநாயகி


மண்ணூர்பேட்டை
புரட்டாசி 4, செப்டம்பர் 20

தோழர் லோகநாயகி அவர்களுக்கு,

புகார் கொடுத்துவிட்டேன். ஏற்புச் சீட்டின் படியை இணைத்திருக்கிறேன். எனக்கு முன் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற ஓட்டுநர், அய்யாசாமி என்று பெயர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணாத்தே, நீ பேசினதக் கேட்டுத்தான் நான் போட்டேன்" என்றார். எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்.

திரும்பும் வழியில் நம் ஆலை இருந்த இடத்தில் இறங்கினேன். இணையத்தில் வாங்கும் பொருள்களின் பொட்டலக் கிடங்கு இப்போது அங்கே இருக்கிறது. நாம் கொட்டகை போட்டிருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. வாயிற்காவலரிடம் இங்கே மூன்று மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம் என்றேன். அவர் வெயிலுக்கு ஓரமாக வந்து நிற்கும்படி சொன்னார்.

என் ஓய்வூதியத்தில் பாதியைத் திங்கள்தோறும் பொன்னாக வாங்கிச் சேர்ப்பேன், என் நாள் முடியும்வரை. அது தோடுகளை மீட்காது என்பதை அறிவேன்.

இத்துடன் ஒரு சிறு பொதி வைத்திருக்கிறேன். பிரித்துப் பாருங்கள். ராஜகுமாரியின் பேழையில், அவளுடைய ஷிப்டு அட்டைக்கு அடியில் இருந்தது. அவளுடைய ஒற்றைத் தோடு, அவளுடைய சீட்டு. ஒரே கடை, ஒரே அச்சு. வேம்புலியம்மாளின் தோட்டோடு சேர்த்தால் இணையாகும் என்று நினைக்கிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம். உங்கள் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

எங்கள் திருமணத்துக்கு நான் அவளுக்குப் பொன் எதுவும் போடவில்லை, கொள்கை என்றேன். இது அவளே உழைத்து வாங்கியது. இதை அவள் அணிந்தபோது அழகாக இருக்கிறது என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ சொற்களைச் சொன்னவன் அந்த ஒன்றைச் சொல்லவில்லை.

மணவாளன்


பருத்திப்பட்டு
3 அக்டோபர் 2025

தோழர் மணவாளன் அவர்களுக்கு,

நேற்று முன்தினம் நடந்ததற்கு நீங்களும் சாட்சி. ஆனால் நீங்கள் சொல்லி முடித்துவிட்டு வெளியே போய்ச் சாலையோரத்தில் நின்றுவிட்டீர்கள். அதன்பின் உள்ளே நடந்ததைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

முதலில் இது. நீங்கள் பேசியது மூன்று நிமிடம். பொன் இல்லை, நான் ஏமாந்தேன், உங்களைக் கேளாமல் செய்தேன் என்றீர்கள். கையை ஒருமுறையும் ஆட்டவில்லை. நான் கேட்ட உங்கள் பேச்சுகளில் அதுவே சிறந்தது. இதை மறுபடி சொல்லமாட்டேன்.

கூடியவர்கள் என்னையும் சேர்த்துப் பதினாறு பேர். இருவர் உங்களைத் திட்டிவிட்டு எழுந்து போனார்கள். போகட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் அழுதார்கள், பிறகு டீ கேட்டார்கள். என் மேசையில் ஆளுக்கொரு ஒற்றைக் கம்மலை வைத்தார்கள். வழக்கப்படி தராசை எடுத்தேன். பெட்டியில் நிறுக்க ஒன்றுமில்லாததால் சீட்டுகளை நிறுத்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எத்தனையோ ஆண்டுகளாகச் சீட்டு, சீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தச் சீட்டே நான்கு கிராம் பொன். எந்தப் பெட்டகமும் அதற்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ராஜகுமாரியினது தேய்ந்திருந்தது. மூன்றே முக்கால் கிராம். வேம்புலியம்மாளினது அதைவிடத் தேய்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். ஆறு இதழ், ஆறு இதழ். ஜோதிகா வெட்கப்பட்டாள். தாய் விடவில்லை. அங்கேயே போட்டுவிட்டாள்.

எடுத்துக்கொள் என்றேன். வேம்புலியம்மாள் மாட்டேன் என்று தலையாட்டினாள். "இது அந்தம்மா சீட்டுக்கா. கல்யாணம் முடிஞ்சதும் பொட்டில போட்டுடறேன். புதுசா தொடங்கணும்னா ஒண்ணாவது கெடக்கணுமில்ல" என்றாள். ஆகவே ஐப்பசிக்குப் பிறகு பெட்டியில் ஒரு கம்மலும், உங்கள் புகார்ச் சீட்டும், மாதந்தோறும் நீங்கள் கொண்டுவரும் பொன்னும் இருக்கும். கொண்டுவருவதை நான் நிறுப்பேன்.

சாவி யாரிடம் என்று பேச்சு வந்தது. உங்களிடம் கூடாது என்றார்கள் சிலர். வேம்புலியம்மாள் எழுந்தாள். "அவராண்டயே இருக்கட்டும். ஒருதபா சூடுபட்டுட்டாரு. நீதான்க்கா கெடுத்தது. எரக்கப்பட்டு சாவியக் குடுத்துட்டு வந்துட்டே. இனிமே அவரோட நல்லபடியா பேசினா, சாவி உன் கையில இருக்காது" என்றாள். பதினான்கு கைகள் உயர்ந்தன. என் கையையும் சேர்த்துத்தான்.

நீங்கள் என் மேசைமேல் விட்டுப்போன இரண்டு சாவிகளில் உங்களுடையதை இத்துடன் அனுப்புகிறேன். என்னுடையது என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. தீர்மானத்தின்படி இனி நீங்கள் இங்கே காபிக்கு வர வேண்டாம். கணக்கில் எதையும் சரி என்று நான் ஒப்பமாட்டேன். உங்களை மன்னிக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் இருங்கள்.

லோகநாயகி